வழிகளின் எண்ணிக்கை போதாது

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் ஒரு மாணவி கைப்பேசியில் சுட்டெண்ணைத் தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வி மலையை விட்டிறங்கி ஏதோ ஒரு தரவு மையத்தைச் சென்றடைகிறது. அங்கே பல கணினிகள் தமக்குள் பேசிக்கொண்ட பிறகே அவளுக்குப் பதில் திரும்புகிறது. அந்தப் பேச்சு நெரிசலில் சிக்காதிருக்க, பெரிய மையங்களில் கணினிகளுக்கு இடையே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை அமைக்கிறார்கள். சிலவற்றில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் வழிகளைப் பெருக்குவதால் மட்டும் காரியம் ஆகிவிடாது. சுமை உண்மையிலேயே பிரிய வேண்டும். வழிகளும் உண்மையிலேயே பிரிந்து கிடக்க வேண்டும். இந்த இரண்டும் தரவு மையங்களுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு மலையகத்துக்கும் பொருந்தும்.

முன்பெல்லாம் வலையமைப்பின் உச்சியில் இருந்த ஒன்றிரண்டு பெரிய சுவிட்சுகளே, அதாவது தரவை உரிய பக்கம் திருப்பிவிடும் கருவிகளே, மையம் முழுவதையும் இணைத்தன. விலை அதிகம், எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் பேசினால் திணறின. சிறிய சுவிட்சுகளை அடுக்கடுக்காகக் கோத்து அந்த வேலையைச் செய்விக்கலாம் என்பதை 1953இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சார்ள்ஸ் குளோஸ் தொலைபேசி நிலையங்களுக்காகக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் முகம்மது அல்-ஃபாரெஸ், அலெக்சாண்டர் லூக்கிசாஸ், அமீன் வாதத் ஆகிய மூவரும் அதே நெறியில் தரவு மையத்துக்கு ஓர் அமைப்பை வரைந்தார்கள். 48 இணைப்பு முனைகள் கொண்ட சாதாரண சுவிட்சுகளை மட்டும் வைத்து 27,648 கணினிகளை இணைக்கலாம். தொலைவிலுள்ள இரு கணினிகளுக்கு இடையே 576 வழிகள் கிடைக்கும். உச்சியில் ஒரு சுவிட்ச் பழுதானால் அந்த 576இல் ஒன்றுதான் குறையும். ஒரே வழியைப் பெரிதாகப் போட்டால் போதாதா என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

இத்தனை வழிகளில் எதை எதில் அனுப்புவது? இங்கேதான் சிக்கல். வழக்கமான முறையில், அனுப்புநர், பெறுநர் முகவரிகள் முதலியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு, வரும் எண்ணைக் கொண்டு சுவிட்ச் ஒரு வழியைத் தேர்கிறது. இரு கணினிகளுக்கு இடையே தொடர்ந்து போகும் தரவை ஓட்டம் என்பார்கள். அது பொதிகள் எனும் சிறு துண்டுகளாகப் போகும். ஓர் ஓட்டத்தின் பொதிகள் எல்லாம் அதே வழியில்தான் போகும். எந்த வழியில் நெரிசல் என்று சுவிட்ச் பார்ப்பதில்லை. எட்டு ஓட்டங்களுக்கு எட்டு வழிகள் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனி வழி வாய்ப்பது ஏறத்தாழ 416 தடவைக்கு ஒரு தடவைதான். சராசரியாக இரண்டே முக்கால் வழி வெறுமையாகக் கிடக்க, வேறொன்றில் இரண்டு மூன்று ஓட்டங்கள் முட்டி நிற்கும். சிறிய ஓட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு தானாகவே பெரிதும் சமனாகிவிடும். செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கும் மையங்களிலோ ஓட்டங்கள் சிலவே, ஒவ்வொன்றும் மிகப் பெரிது. பிந்திய ஒன்றுக்காக விலையுயர்ந்த கணினிகள் எல்லாம் காத்துக் கிடக்கின்றன.

பொதிக்கொரு வழியாகத் தூவிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தூவினால் பின்னால் கிளம்பிய பொதி முன்னால் வந்து சேரும். இணையத்தின் பழைய நெறிமுறையான டிசிபி, வரிசை குலைந்தால் பொதி தொலைந்ததென்று எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த அச்சத்தால்தான் கண்மூடித் தேர்வை இவ்வளவு காலம் சகித்தார்கள். இப்போது வரிசைக் குலைவைத் தாங்கும் நெறிமுறைகள் வந்துவிட்டன. அமேசான் தன் மையங்களில் அப்படித் தூவுகிறது. 2025 ஜூனில் வெளியான அல்ட்ரா ஈதர்நெட் விதித்தொகுப்பும் அதற்கு இடம் தருகிறது.

ஆயினும் வழிகள் ஒரே இடத்தில் கிடந்தால் இந்தத் திறமை எதுவும் உதவாது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரு கடலடிக் கம்பிவடங்கள் சேதமடைந்தன. உரிமையாளர்கள் வேறு வேறு. ஆனாலும் எகிப்து முதல் இந்தியா வரை இணையம் தடுமாறியது. மலையகத்தில் மண்சரிவு இதே வேலையைச் செய்யும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா மாவட்டத்தில் வீதிகளோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. இரண்டு நிறுவனங்களின் கண்ணாடி இழைகள் ஒரே வீதியோரம் போனால், ஒரே சரிவு இரண்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டனுக்கு ஒரு வீதி. மறுபக்கம் பலாங்கொடைக்கு இறங்கும் இன்னொரு வீதி. இரண்டாவது இணைப்பு போக வேண்டியது அந்த மறுபக்கத்தால்.

தோட்டப்புறத்தின் வருமானத்துக்கு இரண்டு வழி கட்டுப்படியாகாது என்பார்கள். இரண்டாவது வழி முதலாவதற்கு நிகராக இருக்க வேண்டியதில்லை. இழை பதிக்கச் செலவு அதிகமென்றால், மலைமுகட்டுக் கோபுரத்திலிருந்து நுண்ணலை இணைப்பு ஒன்றைக் கொடுக்கலாம். புயல் நாளில் யாரும் அதில் திரைப்படம் பார்க்கப் போவதில்லை. 1990 அம்புலன்ஸ் அழைப்பும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 அழைப்பும், லயத்திலிருந்து கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைக்குப் போகும் ஒரு குறுஞ்செய்தியும் கடந்து போக மிகச் சிறிய அகலமே போதும்.