கல்யாண வீடியோவின் மூலக் கோப்பு யாருக்குச் சொந்தம்?

பெங்களூருவை அடுத்த சந்தாபுராவிலும் அத்திபெலேயிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்யாணம் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ நடப்பதுண்டு. முடிந்து வந்த வீடியோவில் மாலை மாற்றும் கைகள் விட்டுவிட்டு நகர்கின்றன. கெட்டிமேளம் படத்தோடு ஒட்டவில்லை. மணமக்கள் பெயரைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு. கேட்டால், “எடுத்ததே அப்படித்தான்” என்று பதில் வரும், நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை கேமராவில் பிறப்பவை அல்ல. பதிவை எடிட்டிங் மென்பொருளுக்குள் ஏற்றும்போது பிறப்பவை. மூலக் கோப்புகள் அழியாத வரை அவற்றைத் திருத்த முடியும்.

இந்தியாவில் வீடியோவுக்கு நொடிக்கு 25 ஃப்ரேம் என்பது நெடுநாள் வழக்கம். செல்போன்களோ பெரும்பாலும் 30 ஃப்ரேமில், அதுவும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் வேகத்தில், பதிவு செய்கின்றன. அந்த 30 ஃப்ரேம் பதிவை 25 ஃப்ரேம் டைம்லைனில் அப்படியே போட்டால் நொடிக்கு ஐந்து படங்கள் கழிந்துபோகும்; அசைவு தத்துவது அதனால்தான். வேகம் மாறிக்கொண்டே இருக்கும் செல்போன் பதிவை முதலில் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றாவிட்டால், ஒலி விலகிவிடக்கூடும். 25 ஃப்ரேம் பதிவை 24 என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் ஒரு மணி நேரக் காட்சி 62.5 நிமிடமாக நீளும், தனியாகப் பதிந்த நாதஸ்வரம் இரண்டரை நிமிடம் முந்தி முடிந்துவிடும். கறுப்பு விளிம்புக்குக் காரணம் வேறு. பெயரும் பூ அலங்காரமும் பின்னணி இல்லாமல் தெரிய, கோப்பில் ஆல்பா சேனல் வேண்டும். வழக்கமான எச்.264 கோப்பில் அது தங்காது. புரோரெஸ் 4444 கோப்பிலும் பிஎன்ஜி படவரிசையிலும் தங்கும். அந்த ஆல்பா கறுப்போடு கலந்ததா, கலக்காததா என்று ஏற்றும்போது தவறாகக் குறித்தால் விளிம்பு கறுத்துவிடும். அந்த ஒரு தேர்வை மாற்றி மறுபடி வெளியிட்டால் போதும்.

எல்லாவற்றையும் இப்படித் திருத்த முடியாது என்பதும் உண்மை. மண்டப விளக்கின் மினுமினுப்பு பதிவிலேயே விழுந்திருந்தால் அதை முழுதாக நீக்குவது கடினம். உறவினர்கள் அனுப்பிய செல்போன் துணுக்குகளுக்கு நாங்கள் பொறுப்பா என்று ஸ்டூடியோக்காரர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. துணுக்கின் தரம் அவர்கள் பொறுப்பல்ல. ஆனால் அதை ஏற்றுக்கொண்டு, கூலி வாங்கி, தொகுத்துத் தருவது அவர்கள் தொழில். வேகத்தைப் பொருத்துவது அந்தத் தொழிலின் பாகம்.

உரிமையைப் பொறுத்தவரை சட்டம் வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். இதை வைத்து ஹார்ட் டிஸ்க்கையே பறித்துக்கொள்ள முடியாது. ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே மூலக் கோப்புகளின் நகல் தர வேண்டும், குறை தீரும்வரை அழிக்கக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் எழுதினாலும் சான்றாகும். குறை தெரிந்ததும் எந்த நிமிடத்தில் என்ன என்று குறித்து அனுப்பி, திருத்தித் தரக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் பலன் இல்லையென்றால், சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஸ்டூடியோ கிருஷ்ணகிரியில் இருந்தாலும் சந்தாபுராக்காரர் அங்கே அலைய வேண்டியதில்லை: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தாம் வசிக்கும் ஊரை வைத்துப் பெங்களூருவிலேயே வழக்குத் தொடுக்க அவருக்கு இடம் தருகிறது.