முழங்கால் காயத்தோடு ஊருக்குப் போகலாமா?

டிசெம்பர் பாடசாலை விடுமுறைக்கு கிரவீனில் பல வீடுகளில் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். பயணச்சீட்டு எடுத்த பிறகு வீட்டில் ஒருவர் முழங்கால் சவ்வு கிழிந்தோ, சத்திரசிகிச்சை செய்தோ நொண்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

முதலில் வைத்தியரிடம் திகதியைச் சொல்லிக் கேளுங்கள். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் ஆறு வாரங்களுக்கு நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்றே பல நிபுணர்கள் சொல்வார்கள். காரணம் வலி அல்ல, காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைவது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்கே எட்டு மணி நேரம். அங்கிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ இன்னும் நான்கு. காயப்பட்ட காலுக்கு ஆபத்து அதிலும் கூட.

எனவே நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கொரு தரம் எழுந்து நடவுங்கள், இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். அழுத்தக் காலுறையோ, இரத்தம் உறையாதிருக்க மருந்தோ தேவையா என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் அன்றே வைத்தியரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால் உடனே அம்புலன்ஸ்: இங்கே 000, இலங்கையில் 1990, இந்தியாவில் 108. ஊர் போய்ச் சேர்ந்து சில வாரங்களின் பின்னும் இது வரலாம்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு இரண்டு நாள் முன்னதாகவே விமான நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள். "சனம் பார்த்தால் என்ன நினைக்கும்" என்று வேண்டாமென்பவர்கள் நம்மில் அதிகம். குடிவரவு வரிசையில் ஒரு மணி நேரம் நின்று வீங்கிய முழங்காலோடு வீட்டு வாசலில் இறங்கினால் மட்டும் சனம் பார்க்காதா? பயணக் காப்புறுதிக்காரரிடமும் காயத்தை மறைக்காதீர்கள். சொல்லாத நோய்க்குப் பணம் கிடைக்காது.

ஊரில் பெரிய சோதனை குந்தும் மலசலகூடம்தான். உறவினரிடம் முன்பே சொல்லி ஒரு கொமோட் கதிரைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கோயிலில் நிலத்தில் சம்மணமிட வேண்டாம், கதிரை கேளுங்கள். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே. ஊன்றுகோல் நல்ல காலின் பக்கக் கையில் இருக்கட்டும். நம்மில் பலர் அதை மாறித்தான் பிடிக்கிறோம்.

பழனிக்கு நேர்த்தி இருந்தால் 693 படியும் ஏறித்தான் ஆகவேண்டும் என்றில்லை. மலைக்கு இழுவை ரயிலும், 2004 முதல் ரோப் காரும் உண்டு. ரோப் காரை ஆண்டுதோறும் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் நிறுத்துவார்கள், விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.