230-னு டைப் பண்ணீங்களா? வந்தது 163 வோல்ட்தான்!

இ.இ.இ படிக்கிறவங்க பலரும் மேட்லேப், சிமுலிங்க் கத்துக்கிறது ஒரே ரூட்லதான். சீனியர்கிட்ட ஃபைலை வாங்கி, 'ரன்' கொடுத்தா அலை அழகா வரும். வைவாவுல 'இந்த வேல்யூ ஏன்?'னு கேட்டா முழி பிதுங்கும்.

ஒரு உதாரணம். நம்ம வீட்டு சப்ளை 230 வோல்ட். சிமுலிங்க்கின் ஏசி வோல்டேஜ் சோர்ஸ் பிளாக்கில் அப்படியே 230 கொடுத்தால், கிடைப்பது சுமார் 163 வோல்ட் சப்ளைதான். காரணம், பிளாக் கேட்பது உச்ச மதிப்பு. 230 என்பது ஆர்.எம்.எஸ். ரூட் 2-ஆல் பெருக்கி 325 கொடுக்கணும். ஃப்ரீக்வென்சியும் 60-னு இருக்கும், 50-க்கு மாத்துங்க.

சாஃப்ட்வேர் எர்ரர் காட்டாது, தப்பையும் அழகான கிராஃபா வரைஞ்சு தரும். (அதான் ஆபத்தே!) 'ரெக்டிஃபையர்ல 230-ஐத் தாண்டலையே'னு 250 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கி போர்டில் மாட்டினா, நிஜத்தில் அதுமேல ஏறுறது 325. வெடிச்சிடலாம்.

அதனால முதல்ல பேப்பர், அப்புறம் மவுஸ். 1 கிலோ ஓம், 1,000 மைக்ரோஃபாரட், 5 வோல்ட் சப்ளை... காலி கெப்பாசிட்டர் 1 விநாடியில் சுமார் 3.16 வோல்ட்டைத் தொடணும். கையால போட்ட இந்தக் கணக்கு திரையிலும் வருதானு பாருங்க.

லைசென்ஸ் இல்லையா? கிராக் வெர்ஷன் பக்கம் போகாதீங்க. ஜிஎன்யூ ஆக்டேவ் இலவசம். சாதாரண மேட்லேப் கோடு பெரும்பாலும் ஓடும், சிமுலிங்க் மாடல் ஓடாது. சர்க்யூட்டுக்கு எல்டிஸ்பைஸ் இருக்கு, அதுவும் இலவசம். ஆனா அங்கேயும் ஒரு கண்ணி: மெகா ஓம்னு நினைச்சு கேப்பிடல் 'எம்' போட்டா, அது மில்லி ஓம்னு எடுத்துக்கும். மெகாவுக்கு 'மெக்'னு முழுசா டைப் பண்ணணும்.