பௌத்த நாட்டில் ஒரு கிறிஸ்து பிறப்பு விழா



அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வெளியூர் கிளம்பும் குடும்பங்கள் நம் பங்குகளில் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகின்றன. முன்பு வேளாங்கண்ணியோடும் சொந்த ஊரோடும் பயணம் முடிந்துவிடும். இப்போது கொழும்பு, பாங்காக் என்று பேச்சு வருகிறது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் கொழும்பு சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். மாலை வேளையில் மயிலாப்பூரிலிருந்து தாம்பரம் போய்ச் சேரவும் சில நாள் அவ்வளவு நேரம் ஆகிறது!

“ஃபாதர், அது புத்த நாடாயிற்றே. அங்கே கிறிஸ்மஸ் எப்படியிருக்கும்? பூசை கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இன்றைய நம் சிந்தனை அதைப் பற்றித்தான்.

இலங்கையில் நூற்றுக்கு எழுபது பேர் பௌத்தர்கள். 2012ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கத்தோலிக்கர் நூற்றுக்கு ஆறு பேர்தான். ஆனாலும் டிசம்பர் 25 அங்கே அரசு விடுமுறை. விமான நிலையத்தை அடுத்துள்ள நீர்கொழும்பில் கத்தோலிக்கர் மிகுதி என்பதால், அந்த ஊருக்குச் ‘சின்ன ரோமாபுரி’ என்றே பெயர். சந்திகளில் கண்ணாடிப் பேழைக்குள் புனித அந்தோணியாரும் புனித செபஸ்தியாரும் நின்றுகொண்டிருப்பார்கள். கிறிஸ்மஸை அங்குள்ள தமிழர் ‘நத்தார்’ என்கிறார்கள், சிங்களர் ‘நத்தல்’ என்கிறார்கள். இரண்டும் ‘நத்தால்’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை. அதே போர்த்துக்கீசியர் நம் சாந்தோமிலும்தான் இருந்தார்கள். ஆனால் இந்தச் சொல் இங்கே வேர்விடவில்லை. ‘சுப நத்தலக் வேவா’ என்று யாராவது உங்களை வாழ்த்தினால் திகைக்க வேண்டாம். வாழ்த்துகிறவர் பௌத்தராகவும் இருக்கலாம். ரவையும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் இலங்கைக் கிறிஸ்மஸ் கேக் எல்லாச் சமயத்தார் வீட்டுக்கும் போகிறது.

பெரிய ஹோட்டல்களிலும் கடைகளிலும் ஜோடனைக்குக் குறைவில்லை. 2016இல் கொழும்பு காலிமுகத்திடலில் உலகிலேயே உயரமான செயற்கைக் கிறிஸ்மஸ் மரம் ஒன்றை எழுப்பினார்கள். 100 மீட்டர் என்று திட்டமிட்டு ஏறக்குறைய 72 மீட்டரில் நிறுத்தினார்கள். அதை எதிர்த்தவர் யார் தெரியுமா? கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித். இது பண விரயம், அந்தப் பணம் ஏழைகளுக்குப் பயன்படட்டும் என்றார். கிறிஸ்மஸ் மரத்தைக் கர்தினால் வேண்டாம் என்கிறார், பௌத்த நாடு கட்டியே தீருவேன் என்கிறது! சுற்றுலா போகிறவர் கண்ணில் முதலில் படுவது இத்தகைய மரங்கள்தாம். அங்கே பார்க்க வேண்டியது வேறு.

அந்த நாட்டில் கிறிஸ்மஸ் விடுமுறை எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். ஆங்கிலேயர் ஆட்சியில் கிறிஸ்து பிறப்புக்கு விடுமுறை இருந்தது. ஆனால் நாட்டின் பெரும்பான்மையினருக்குப் புனித நாளான வெசாக்கிற்கு, அதாவது புத்தர் பிறந்து, ஞானம் பெற்று, மறைந்ததாக அவர்கள் நினைவுகூரும் வைகாசிப் பௌர்ணமிக்கு விடுமுறை இல்லை. சொந்த நாட்டிலேயே தம் திருநாளுக்கு வேலைக்குப் போக வேண்டிய நிலை. இதை மாற்றப் போராடியவர்களுள் முக்கியமானவர் நம் அடையாறுக்காரர். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட்தான் அவர். 1880இல் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானவர். 1882 முதல் அடையாறில் வாழ்ந்தார். 1884இல் லண்டனுக்கே போய் இலங்கைப் பௌத்தர்களின் முறையீட்டை எடுத்துரைத்தார். 1885இல் வெசாக் பொது விடுமுறையாயிற்று. அவருடைய சமயக் கருத்துகள் பலவற்றை நாம் ஏற்க முடியாது. ஆனால் இந்த ஒரு காரியத்தில் நியாயம் அவர் பக்கம் இருந்தது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. கிறிஸ்தவர் ஆட்சியில் பௌத்தருக்குக் கிடைக்காத விடுமுறை, இன்று பௌத்தர் பெரும்பான்மையாயுள்ள நாட்டில் கிறிஸ்தவருக்குக் கிடைக்கிறது.

இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. கோவாவில் 1651இல் பிறந்த அருள்பணியாளர் யோசேப் வாஸ் 1687இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறினார். அங்கி இல்லை. கூலியாள் வேடத்தில், பிச்சைக்காரரைப்போல யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். வேடம் எதற்கு? போர்த்துக்கீசியரை விரட்டிவிட்டு 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர் கால்வினியச் சபையார். கத்தோலிக்கக் குருக்கள் யாரும் தம் ஆட்சிப் பகுதியில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் தருபவருக்கும் கடும் தண்டனை. ஆலயங்களைத் தமதாக்கிக்கொண்டார்கள். வாஸ் அடிகளார் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைப் பார்த்ததும் யார் முகம் மாறுகிறதோ அவர் கத்தோலிக்கர் என்று கண்டுகொள்வார். பிறகு இரவில் திருப்பலி.

1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் இரகசியமாக வீட்டுக்குள் கூடியிருந்தார்கள். டச்சு அதிகாரியின் கட்டளைப்படி படைவீரர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் எட்டுப் பேரை வதைத்ததில் ஒருவர் உயிர்துறந்தார். வாஸ் அடிகளார் தப்பினார்.

நாம் இங்கே கவனிக்க வேண்டும். அந்த இரவில் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கலைத்தவர்கள் பௌத்தர்கள் அல்லர். அவர்களும் அதே பெத்லகேம் குழந்தையை ஆண்டவர் என்று அறிக்கையிட்டவர்கள்.

பிறகு அவர் டச்சுக்காரர் ஆட்சிக்கு உட்படாத கண்டி அரசுக்குப் போனார். 1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற சந்தேகத்தில் அவரையும் சிறையில்தான் அடைத்தார்கள். சிறையிலேயே சிங்களம் கற்றார். ஒரு சிறு குடிசை ஆலயமும் எழுப்பினார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் ஆழ்ந்த பௌத்தப் பற்றுள்ளவன். நலிந்துபோயிருந்த துறவியர் மரபைப் புதுப்பிக்க அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்தவன். அந்த மன்னன்தான், இந்தத் துறவி ஒற்றர் அல்லர் என்று தெரிந்ததும், தன் நாட்டில் மறைப்பணி ஆற்றச் சுதந்திரம் கொடுத்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளைக் கைவிட்டுப் பலர் ஓடிப்போனபோது, வாஸ் அடிகளார் வேறுபாடு பாராமல் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். 1711 ஜனவரியில் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தத் திடலுக்குப் போகிறவர்கள் மரத்தை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

லூக்கா நற்செய்தியையும் மத்தேயு நற்செய்தியையும் அருகருகே வைத்துப் படித்தால் இதே கதை தெரியும். பெத்லகேம் தாவீதின் ஊர். யோசேப்புக்குப் பூர்வீகம். அங்கேதான் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. குழந்தையைக் கொல்லத் தேடியவன் யூதர்களின் அரசனாக எருசலேமில் அமர்ந்திருந்தவன். இரவோடு இரவாகத் திருக்குடும்பம் ஓடியது எகிப்துக்கு. அதாவது, வேறு தெய்வங்களை வணங்கிய மக்களிடம். அங்கே அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் யார், தச்சு வேலை கொடுத்தவர் யார், ஒண்டிக்கொள்ள இடம் தந்தவர் யார் என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் யாரோ கொடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் குழந்தை பிழைத்து நாசரேத்து திரும்பியிருக்க முடியாது.

இலங்கைக்குப் போகிறவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் ‘போயா’ விடுமுறை. மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். சில ஆண்டுகளில் டிசம்பர்ப் போயா கிறிஸ்மஸை ஒட்டியே வந்துவிடும். கிறிஸ்மஸ் விருந்துக்குத் தடங்கலாயிற்றே என்று நம்மவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்த நாளின் பொருள் தெரிந்தால் சுளிக்க மாட்டார்கள். அசோகரின் மகள் சங்கமித்திரை போதி மரக் கிளையோடு கடல் கடந்து வந்ததை நினைவுகூரும் நாள் அது. அவர் வந்திறங்கியது யாழ்ப்பாணக் கரையில் என்பது பௌத்த மரபு. மார்கழிக் குளிரில் ஒரு பெண், கையில் இளங்கன்று, அந்நிய நாட்டுக் கரை. பெத்லகேம் சாலையை அறிந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றக் கூடாது.

2004இல் அந்தப் போயா டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பௌத்தர் வெள்ளை உடுத்தி விகாரைக்கும் கத்தோலிக்கர் திருப்பலிக்கும் போயிருந்த காலை நேரத்தில்தான் கடல் உள்ளே வந்தது. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இங்கே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் நொச்சிக்குப்பத்திலும் பட்டதை உங்களில் பலர் இன்னும் மறக்கவில்லை. அன்று அங்கே விகாரை மண்டபங்களில் எல்லாச் சமயத்தாரும் தங்கினார்கள். யார் எந்தக் கோயில் என்று வாசலில் யாரும் கேட்கவில்லை.

எல்லாம் இனிமை என்று சொல்லிவிட முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடை புனித அந்தோணியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பின் வந்த கிறிஸ்மஸ்களில் ஆலய வாசலில் துப்பாக்கி ஏந்திய வீரர்கள் நின்றார்கள். நள்ளிரவுத் திருப்பலிக்குப் பெரிய பை எடுத்துப் போகாதீர்கள், சோதனையிட்டால் கோபப்படாதீர்கள். அந்த வீரர்களில் பெரும்பாலோர் பௌத்தர். நாம் பாடிக்கொண்டிருக்கும்போது வெளியே பனியில் விழித்திருப்பவர்கள். இடையர்கள் நினைவுக்கு வருகிறார்களா?

விகாரைக்குள் போனால் செருப்பைக் கழற்றுங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். அங்கே அது பெரிய அவமரியாதை. மற்றச் சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. ஆண்டுதோறும் வெசாக்கிற்கு வத்திக்கானிலிருந்து பௌத்தருக்கு வாழ்த்துச் செய்தி போகிறது. நம் வீட்டிலிருந்து யாருக்காவது போயிருக்கிறதா? ஆல்காட் வாழ்ந்த அடையாறுத் தோட்டத்திலேயே ஒரு புத்தர் ஆலயம் இருக்கிறது. திரு.வி.க. பாலத்தில் தினமும் அதைக் கடந்துதான் போகிறோம்.

இனி, பூசை கிடைக்குமா என்ற கேள்வி. கொழும்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கிடைக்கும். ஆலய அறிவிப்புப் பலகையில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம். அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறையன்று, கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பாங்காக்கில் விண்ணேற்பு அன்னை பேராலயம் உண்டு. அங்கே போய்விடலாம். தீவுப் பக்கம் தங்குகிறவர்களுக்கு அருகில் ஆலயமே இல்லாமல் போகலாம். பயணத்துக்குத் தேதி குறிக்கும்போதே இதை யோசிப்பது நல்லது, கடமைத் திருநாள் பயணத்திலும் கடமைதான். எவ்வளவு முயன்றும் திருப்பலிக்கு வழியே இல்லையென்றால், குடும்பமாகக் கூடி இறைவார்த்தை வாசித்துச் செபிக்கும்படி திருச்சபைச் சட்டம் வலியுறுத்துகிறது. பெட்டியில் ஒரு விவிலியம் வையுங்கள். கையடக்கக் குடில் ஒன்றும் வையுங்கள், அரை கிலோகூட இருக்காது. இரவு ஹோட்டல் அறையில் மேசையைத் துடைத்து, குடிலை வைத்து, லூக்கா இரண்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டும் பாடுங்கள். சத்தம் கேட்டு அறையைச் சுத்தம் செய்யும் பணிப்பெண் எட்டிப் பார்த்தால் உள்ளே அழையுங்கள். கேக் இருந்தால் முதல் துண்டு அவருக்கு.