புகையோடு போகும் வெந்நீர்!

கொல்லிமலையில் மார்கழி மாதம். பொழுது இன்னும் விடியவில்லை. எங்கும் பனி.

காரவல்லியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் இந்தக் குளிர்தான். மலையின் உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர்.

இந்தக் குளிரில் குழந்தையைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? வெந்நீர் வேண்டும். அதற்கு விறகு வேண்டும். விறகைத் தலையில் சுமந்து வருகிறவள் அந்தத் தாய்தான்.

ஓர் அடுப்பில் சோறு. இன்னோர் அடுப்பில் வெந்நீர். இரண்டுக்கும் தனித்தனி விறகு தேவையா?

தேவை இல்லை!

எளிய கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வெப்பம் போதும். 20 டிகிரியில் உள்ள 10 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர 250 கிலோ கலோரி ஆகும்.

ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் சுமார் 3,500 கிலோ கலோரி கிடைக்கும். மூன்று கல் அடுப்பில் பானைக்குப் போய்ச் சேருவது இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மீதி 3,000க்கு மேல் வீண்! பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. வீணாவதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தால் கூட ஒரு வாளி வெந்நீர் தயார்.

பாட்டி கண்ட வழி

இது புதிய யோசனை அல்ல. பழைய மண் அடுப்புகளில் பக்கத்தில் கொடி அடுப்பு இருக்கும். அதற்குத் தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பின் அனல் துவாரத்தின் வழியாக வந்து அதைச் சூடாக்கும். பாட்டிமார் அதில் பாலையும் வெந்நீரையும் வைத்தார்கள்.

இங்கிலாந்தில் எட்வர்ட் கிரீன் என்பவர் 1845இல் இதே தத்துவத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆலைக் கொதிகலனின் புகை செல்லும் வழியில் குழாய்களை வைத்தார். கொதிகலனுக்குப் போகும் தண்ணீர் அவற்றில் முன்கூட்டியே சூடாயிற்று. நிலக்கரி மிச்சமாயிற்று.

நம் நாட்டில் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தின் டாக்டர் எஸ்.பி. ராஜு, புகையில்லாத அடுப்பை அமைத்தார். அதைப் பற்றிய அவருடைய புத்தகம் 1953இல் சென்னையில் வெளிவந்தது.

செய்வது எப்படி?

அடுப்புக்குப் புகைபோக்கி வைக்க வேண்டும். அதன் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு தகரத் தொட்டி. புகை நடுக்குழாயில் மேலே போகும். சுற்றியுள்ள தண்ணீர் சூடாகும். புகை தண்ணீரைத் தொடாது. டீக்கடை பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

மூன்று எச்சரிக்கைகள்:

தொட்டியின் வாயை இறுக மூடக் கூடாது. நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் தொட்டி வெடித்துவிடும்.

தொட்டியில் தண்ணீர் இல்லாமல் அடுப்பு எரியக் கூடாது. தகரம் கெட்டுவிடும்.

புகையின் சூடு முழுவதையும் பிடிக்க ஆசைப்படக் கூடாது. சூடு இருந்தால்தான் புகை மேலே ஏறும். ஆறிப்போன புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். குழாயில் படியும் கரியையும் அடிக்கடி தட்டிவிட வேண்டும்.

புகை வெளியே போனால் தாயின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது. விறகு குறைந்தால் காட்டுக்கும் நல்லது.

சோறு வெந்து இறங்கும்போது வெந்நீரும் காத்திருக்கும். விறகுக்காக இன்னொரு முறை மலைச்சரிவில் ஏறி இறங்க வேண்டியதில்லை!