சொகுசு விமானம் பயணிகள் விமானமாக மாறுவது எப்படி?

சுபாங் விமான நிலையத்தில் செல்வந்தர்களின் சிறிய ஜெட் விமானங்கள் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவற்றில் இருக்கைகளை நெருக்கிப் போட்டு, டிக்கெட் விற்று, கோத்தா பாருவுக்குப் பறக்கவிட்டால் என்ன? கேள்வி எளியது, விடை அவ்வளவு எளியதன்று.

வார இறுதியில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் வேனும், கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே நாள் முழுவதும் ஓடும் பேருந்தும் ஒன்றாகுமா? விமானத்திலும் இதே வேறுபாடு உண்டு.

ஒரு வேலைக்காகச் செய்த விமானத்தை இன்னொரு வேலைக்கு மாற்றுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1947 ஏப்ரல் 2ஆம் நாள் மலாயன் ஏர்வேய்ஸ் தன் முதல் பயணத்தைச் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு மேற்கொண்டது. பறந்தது 'ஏர்ஸ்பீட் கான்சல்' என்னும் சிறு விமானம். போர்க்காலத்தில் விமானிகளுக்குப் பயிற்சி தந்த 'ஆக்ஸ்ஃபர்ட்' விமானத்தையே மாற்றியமைத்து, பயணிகள் அமர இடம் செய்திருந்தார்கள். இன்றைய மலேசியா ஏர்லைன்ஸின் வேர் அதுதான்.

சொகுசு விமானத்திலிருந்து பிறந்த பயணிகள் விமானத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கனடாவில் இருக்கிறது. கனடேர் நிறுவனத்தின் 'சேலஞ்சர்' 1978இல் முதன்முதலாகப் பறந்தது. சுமார் இரண்டரை மீட்டர் அகலமான அதன் உடற்பகுதியில், நடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள் போட முடிந்தது. பொறியியலாளர்கள் உடலை ஏறக்குறைய 6 மீட்டர் நீட்டி, இறக்கையை வலுப்படுத்தி, அவசர வழிகளைக் கூட்டி, 50 இருக்கைகள் கொண்ட 'சி.ஆர்.ஜே.' விமானத்தை உருவாக்கினர். 1992இல் அது ஜெர்மனியின் லுஃப்தான்சா சிட்டிலைனில் சேவைக்கு வந்தது.

இருக்கை மாற்றுவதோடு வேலை முடியாதது ஏன்? காரணங்கள் மூன்று.

முதலாவது, உழைப்பு. தனியார் ஜெட் ஆண்டுக்குச் சில நூறு மணி நேரமே பறக்கும். பயணிகள் விமானம் ஈராயிரம் மணி நேரத்தையும் தாண்டும். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளே காற்றழுத்தத்தால் உடற்பகுதி பலூன்போல் சற்றே விரியும், இறங்கும்போது சுருங்கும். ஒரே கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிவதுபோல, உலோகமும் களைத்து விரிசல் காணும்.

இரண்டாவது, தப்பிக்கும் வழி. 44க்கு மேற்பட்ட இருக்கைகள் இருந்தால், பாதி வாயில்களை மட்டும் பயன்படுத்தி 90 வினாடிகளுக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று தயாரிப்பாளர் மெய்ப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, செலவு. பொதுவாக 19 இருக்கைகளைத் தாண்டினால் ஒரு பணியாளரும், அதன்பின் 50 இருக்கைக்கு ஒருவரும் தேவை. சி.ஆர்.ஜே. 50 இருக்கைகளோடு நின்றதன் கணக்கு இப்போது புரிகிறதல்லவா?

விமானம் தகுதி பெற்றாலும், அதை நடத்துபவருக்கும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும். தனியார் விமானத்தில் மலிவாக இடம் தருவதாக நாளை யாரேனும் அழைத்தால், தோல் இருக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். வேனில் ஏறுவதா, பேருந்தில் ஏறுவதா என்பதை அதுவே சொல்லும்.