விண்ணில் உயிரைத் தேடுதலும் மண்ணில் அதற்காகும் செலவும்

மாலை வேளையில் வெள்ளவத்தைக் கடற்கரையிலே நின்று மேற்கு வானை நோக்குவோர்க்கு, ஆண்டின் சில மாதங்களில், வெள்ளி என்னும் கோள் கடலின்மேற் சுடர்விட்டுத் தோன்றும். அதனைக் கண்ட பேரன், "அங்கேயும் உயிர்கள் உண்டோ?" என வினவுவான். உடன் நிற்கும் பாட்டனாரோ, "இங்குள்ள உயிர்களுக்கே சோறு போதவில்லை, அங்குள்ளவற்றைத் தேடுவதற்கு ஏன் இத்துணைப் பணம்?" என்பார். இவ்விரு வினாக்களும் நேர்மையானவையே. 2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நெடுவரிசையில் நின்ற நம் மக்கள் இரண்டாவது வினாவை எழுப்பினால் அதனை எள்ளி நகையாட யாரே துணிவர்? இரண்டிற்கும் விடை காண நம் தீவிலே பிறந்த ஓர் அறிஞரின் பணி நமக்குத் துணை செய்கின்றது.

அவர் கலாநிதி சிறில் பொன்னம்பெரும. 1923 இல் காலியிலே பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்திலே தத்துவம் பயின்று 1948 இற் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் இரசாயனம் கற்று, 1962 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மெல்வின் கல்வின் என்னும் பேரறிஞரின்கீழ்க் கலாநிதியானார். உயிர் எவ்வாறு தோன்றிற்று என்னும் தத்துவ வினாவைச் சோதனைக் குழாயினுள் இட்டு ஆராய்தலே அவர் மேற்கொண்ட பணியாயிற்று. 1963 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவிற் சேர்ந்தார்.

1969 ஆம் ஆண்டு யூலை மாதம் அப்பொலோ 11 சந்திரனிலிருந்து ஏறத்தாழ 21 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொணர்ந்தது. அதனை ஆராய்வதற்கென மாசு மறுவற்ற ஆய்வுகூடமொன்றைப் பொன்னம்பெருமவும் அவர்தம் குழுவினரும் ஆயத்தம் செய்திருந்தனர். சந்திர மண்ணிலோ உயிரின் சுவடு எதுவும் காணப்படவில்லை. "பணமெல்லாம் வீண்" என்று கூறுவதற்கு அதுவே தக்க தருணமாகத் தோன்றியிருக்கும்.

ஆயின், அவ்வாண்டு செத்தெம்பர் 28 ஆந் தேதி, அவுஸ்திரேலியாவிலுள்ள மேர்ச்சிசன் என்னும் சிற்றூரின் அருகே விண்கல்லொன்று சிதறி வீழ்ந்தது. செலவேதுமின்றி வானம் தானே அனுப்பிய கல் அது. அதன் துண்டுகளைச் சந்திரனுக்காக அமைத்த அதே ஆய்வுகூடத்தில் ஆராய்ந்த கீத் குவென்வோல்டன், பொன்னம்பெரும முதலியோர், உயிரினங்களின் புரதத்திற்கு அடிப்படையான கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்கள் அதிலுண்டென 1970 இல் அறிவித்தனர்.

அவை கல்லை எடுத்தோர் கையிலிருந்து ஒட்டியவை அல்ல என்பதை எங்ஙனம் அறிந்தனர்? நம் இடக்கையும் வலக்கையும் ஒத்த வடிவினவெனினும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. அமினோ அமிலங்கள் பலவும் அவ்வாறே இடவடிவம், வலவடிவம் என இருவகைப்படும். பூமியிலுள்ள உயிர்கள் தம் புரதங்களை இடவடிவத்தாலேயே ஆக்குகின்றன. மேர்ச்சிசன் கல்லிலோ இரு வடிவங்களும் ஏறக்குறையச் சமமாயிருந்தன. புரதத்திற் காணப்படாத சில அமினோ அமிலங்களும் அதில் இருந்தன. எனவே அவை பூமியின் அழுக்கல்ல, விண்ணின் விளைபொருளே. செங்கல்லைக் கண்டவன் வீட்டைக் கண்டவனாகான் என்பது உண்மையே. எனினும், செங்கற்கள் விண்வெளியிலும் உருவாகின்றன என்பது அன்று தெளிவாயிற்று. 2023 இல் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து கொணர்ந்த 121 கிராம் மண்ணிலும் அமினோ அமிலங்கள் உண்டென 2025 இல் அறிவிக்கப்பட்டது.

இனிப் பாட்டனாரின் வினாவிற்கு வருவோம். விண்வெளிக்குச் செலவாகும் பணம் விண்ணிற் சென்று மறைவதில்லை. தொழிலாளர் கூலியாகவும் கருவிகளாகவும் கல்வியாகவும் மண்ணிலேயே தங்குகின்றது. 1966 இல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்குக்கு மேற்பட்ட பங்கைப் பெற்ற நாசா, அண்மைக் காலத்தில் அரைப் பங்கும் பெறவில்லை. இந்தியா 2013 இற் செவ்வாய்க்கு அனுப்பிய கலத்திற்கு ஏறத்தாழ 450 கோடி இந்திய ரூபாவே செலவாயிற்று. ஆயினும், இவ்வாதம் பசித்தவனுக்கு முழு விடையாகாது என்பதை நாம் ஒப்புகின்றோம். பசி தீர்த்தல் அரசின் முதற்கடன். அறிவு வளர்த்தல் அதற்கு அடுத்த கடன். அடுத்தது என்பதனால் அது இல்லாததாகிவிடாது.

தொகையின் பெருமையினும் அதன் தொடர்ச்சியே முக்கியமானது. வேற்றுலகத்தார் அனுப்பக்கூடிய வானொலிக் குறிகளைத் தேட நாசா 1992 இல் தொடங்கிய முயற்சியை அமெரிக்கக் காங்கிரசு மறு ஆண்டே நிறுத்திற்று. தனியார் அளித்த நன்கொடையே அதனை மீண்டும் நடத்திற்று. இன்றுவரை குறியெதுவும் கிட்டவில்லை. கிட்டாமையும் ஓர் அறிவே, தேடாதவனுக்கு அதுவுமில்லை.

நம் போன்ற சிறு நாடு சந்திரனுக்குக் கலம் அனுப்ப வேண்டுமென நாம் கூறவில்லை. பொன்னம்பெரும 1984 முதற் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளராயிருந்து இங்கேயே ஆராய்ச்சியை வளர்க்க முயன்றார். 1994 இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பாடம் எளியது: கல் விழும் நாள் எவர்க்கும் தெரியாது, விழும் நாளில் ஆய்வுகூடம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

விழாக் காலத்திலே மண்டபம் எழுப்ப மனமுவந்து வழங்கும் பழைய மாணவர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோளும் இதுவே. விழா முடிந்த பின்னரும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை விஞ்ஞான ஆய்வுகூடத்திற்குத் தவறாது சேர்வதாக. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வானைப் பார்த்து வினவும் சிறுவன் மறுநாட் காலை நம் வகுப்பறையில் வந்தமர்வான். அவனுக்கு வேண்டிய தராசும் நுணுக்குக்காட்டியும் அங்கே ஆயத்தமாயிருக்கட்டும்.